ஒரு ராத்திரிக்கு ஓர் இடம்: மும்பையில் இரவுப் படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு

மும்பையில் ராத்திரி படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். ஆறு மணிக்கு மரைன் டிரைவ் கடற்கரைச் சாலை, ஏழரைக்கு சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையம், ஒன்பதுக்கு கேட்வே ஆஃப் இந்தியா, அப்புறம் டாக்ஸி பிடித்து பாந்த்ரா போய் கடல் பாலம். வீடு திரும்பும்போது கார்டு நிரம்பியிருக்கும். பெரிதாகப் பிரிண்ட் போட ஒன்று தேறாது. என்னைக் கேட்டால் ஒரு ராத்திரிக்கு ஓர் இடம் போதும். ஒரே இடத்தில் மூன்று மணி நேரம் நின்றால் மூன்று விதமான வெளிச்சம் கிடைக்கும், ஆட்களும் மாறுவார்கள். டாக்ஸிக் காசும் மிச்சம்.

நான் பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு பார்க்கிறவள். வீடு மாட்டுங்காவில். கேமரா பழைய நிக்கான் டி7200, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கூட வருவது எங்கள் பில்டிங் கீழ்வீட்டுக் கல்லூரிப் பையன், "அக்கா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான், ஆனால் டிரைபாட்டைத் தூக்கிக்கொண்டு வருவான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் விஷயம் நேரம். இரவுப் படம் என்று பெயரே தவிர, நல்லவற்றில் பாதிக்கு மேல் முழு இருட்டு விழுவதற்கு முன்னால் எடுத்தவைதான். சூரியன் மறைந்து பத்து நிமிஷம் போனதும் வானம் அடர் நீலமாக ஆரம்பிக்கும். தெருவிளக்கு, கட்டட விளக்கு எல்லாம் அதற்குள் எரிந்துவிடும். கொஞ்ச நேரத்துக்கு வானமும் விளக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கும். கேமராவுக்கு இரண்டையும் ஒரே ஃபிரேமில் அடக்க முடிவது அப்போதுதான். முக்கால் மணி கழித்துப் போனால் வானம் கறுப்புத் தாள், கட்டடம் வெள்ளைத் திட்டு. மும்பை இருப்பது 19 டிகிரி வடக்கில், அதனால் அந்தி சட்டென்று முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் வீடியோவில் ஒரு மணி நேரம் சாவகாசமாக எடுப்பதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நிற்காதீர்கள். நமக்கு உருப்படியாகக் கிடைப்பது இருபது நிமிஷம்.

நவம்பர் கடைசியில் சூரியன் ஆறு மணிக்கே இறங்கிவிடும். ஜூன் கடைசியில் 7:20 வரை இழுக்கும், ஆனால் அப்போது மேகம். ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்குத் தோதானது பிப்ரவரியும் மார்ச்சும். 6:40, 6:50 வாக்கில் மறையும். காற்று சுத்தமாக இருப்பது மழை ஒரு நாள் கொட்டி ஓய்ந்த மாலையில். குளிர்காலத்தில் புகைமூட்டம் அதிகம். தூரத்துக் காட்சியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

பையில் என்ன வேண்டும்

டிரைபாட் இருந்தால் விலை உயர்ந்த லென்ஸ் வேண்டியதில்லை. கேமராவோடு வந்த கிட் லென்ஸை எஃப் 8-இல் (எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் கூடினால் துவாரம் சிறுக்கும்) வைத்தால் அதுவே கூர்மையாகத்தான் இருக்கும். லென்ஸுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் கனமான டிரைபாட் வாங்கலாம். நடுத்தண்டை மேலே தூக்காதீர்கள், உயரம் வேண்டுமென்றால் கால்களை நீட்டுங்கள். நடுத்தண்டின் கீழே கொக்கி இருக்கும். அதில் ஒரு மஞ்சப்பையை மாட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உள்ளே போட்டால் கடற்காற்றுக்கு ஆடாது. பை தரையில் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், அந்தரத்தில் தொங்கினால் அதுவே ஊஞ்சலாடி டிரைபாட்டையும் ஆட்டும்.

அப்புறம் ஒரு சின்ன டார்ச், கூடுதல் பேட்டரி, கண்ணாடி துடைக்கும் துணி, ஷவர் கேப் (மழைக்குக் கேமரா தலையில் போட), மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப். டிரைபாட் வைக்க விடாத இடங்களுக்கு அரை கிலோ அரிசியைத் துணிப்பையில் தைத்து வைத்திருக்கிறேன். மதில்மேல் வைத்துக் கேமராவை அதில் அமுக்கினால் போதும். இதற்கென்று தனியாக விற்கிறார்கள், விலையைப் பார்த்தால் அரிசியே மேல் என்று தோன்றும்.

சி.எஸ்.எம்.டி. முன்னால் ஒரு மாலை

புதிதாக ஆரம்பிக்கிறவர்களை நான் முதலில் கூட்டிப்போவது இங்கேதான். மாட்டுங்காவில் ஸ்லோ வண்டி ஏறினால் நேராக அங்கேயே இறங்கலாம். விளக்குப் போட்ட கட்டடம், ஓயாத போக்குவரத்து, சுற்றிலும் ஜனம், பயமும் இல்லை. ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ் வடிவமைத்த கட்டடம், 1878-இல் ஆரம்பித்துக் கட்டி முடிக்கப் பத்து வருஷம் ஆனது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எதிரே இருக்கும் மாநகராட்சிக் கட்டடமும் அவருடையதே. அந்தப் பக்கத்திலிருந்து, ரோட்டுக்குக் குறுக்கே பார்த்தபடி நில்லுங்கள். நடைபாதையில் ஆட்கள் போக வழி விட்டு, மதிலை ஒட்டி.

சூரியன் மறையும் முன்பே வந்து ஃபிரேமை முடிவு செய்துவிட வேண்டும். குவிமாடத்தின் உச்சியில் தீவட்டி ஏந்திய பெண் சிலை இருக்கிறதே, அவள் தலைக்கு மேல் கொஞ்சம் வானம் விடுங்கள். கீழே ரோடு படத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும், வண்டி விளக்குகளின் கோடு ஓடுவதற்கு இடம் வேண்டும். வாசல் தூண்களில் ஒன்றில் சிங்கம், ஒன்றில் புலி. பெரிய லென்ஸ் இருந்தால் அவற்றுக்கென்று தனியாக ஒரு மாலை ஒதுக்கலாம்.

ஃபோகஸை இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். லைவ் வியூவில், அதாவது பின்திரையில் நேரடியாகப் பார்த்து, கடிகார முகத்தைப் பெரிதாக்கி, எண்கள் தெளிவாகத் தெரியும்வரை திருப்பி, லென்ஸை மேனுவலுக்கு மாற்றி, ஃபோகஸ் வளையத்தின் மேல் ஒரு துண்டு மைக்ரோபோர் ஒட்டிவிடுங்கள். அதற்கப்புறம் அதைத் தொடக் கூடாது. ஸூம் செய்தால் மறுபடி முதலிலிருந்து.

லென்ஸ் முன்னால் யு.வி. ஃபில்டர் இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். ராத்திரியில் அது செய்யும் அநியாயம் பகலில் தெரியாது. ஒவ்வொரு விளக்குக்கும் நேர் எதிர்மூலையில் பச்சையாக ஒரு பேய்ப்புள்ளி விழும். கடைக்காரர் லென்ஸுக்குக் காப்பு என்று சொல்லி விற்றிருப்பார். காப்பெல்லாம் பகலில் இருக்கட்டும். டிரைபாட்டில் ஏற்றியதும் ஆட்டம் குறைக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். ஷட்டரை விரலால் அமுக்காமல் 2 விநாடி டைமரில் விடுங்கள்.

இனி எண்கள். ஐ.எஸ்.ஓ. (கேமரா ஒளியை உணரும் அளவு) 100, எஃப் 8, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப் பதிவு). நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நிறம் மாறும். 3200 கெல்வினில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சரி செய்துகொள்ளலாம். நீல வானம் இருக்கும்போது ஷட்டரை 2 விநாடி திறந்து வைப்பதில் தொடங்குங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு படம். வானம் இருட்ட இருட்ட 4 விநாடி, 8 விநாடி என்று நேரத்தை மட்டும் கூட்டுங்கள், வேறு எதையும் மாற்ற வேண்டாம். பின்திரையில் படம் எப்போதும் பளிச்சென்றுதான் தெரியும், இருட்டில் நம் கண் அப்படி. அதை நம்பாமல், வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டினால் கடிகார முகம் வெந்துவிட்டது என்று அர்த்தம், நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

ஏழரைக்கு மேல் வண்டிகளின் முறை. எஃப் 11, 15 விநாடி. சிக்னல் சிவப்பாக இருக்கும்போது ஷட்டரைத் திறந்தால் நிற்கிற வண்டிகளின் விளக்கு அப்படியே புள்ளி புள்ளியாக எரிந்து படிந்துவிடும். பச்சை விழுந்து, முதல் டாக்ஸி கோட்டைத் தாண்டியதும் திறக்க வேண்டும். நம்மிடமிருந்து விலகிப் போகிற வண்டிகள் சிவப்புக் கோடு தரும். எதிரே வருகிறவை வெள்ளை. எனக்குச் சிவப்புதான் பிடிக்கும், வெள்ளை கண்ணைக் குத்தும். நகர பஸ் நிறுவனமான பெஸ்ட்டின் ஏ.சி. மின்சார டபுள் டெக்கர் வந்தால் விடாதீர்கள். அதன் ஜன்னல் விளக்குகள் மற்ற வண்டிகளின் கோட்டுக்கு மேலே, ஆளுயரத்துக்கும் மேல் இரண்டு அடுக்காகத் தனியாக ஓடும். பழைய டீசல் டபுள் டெக்கர் 2023 செப்டம்பரோடு ஓய்ந்துவிட்டது. பிரீமியர் பத்மினி டாக்ஸிகளும் அடுத்த மாதமே போய்விட்டன. அவற்றைப் படம் எடுக்காமல் விட்டவர்கள் இந்த மின்சார பஸ்ஸையாவது எடுத்து வையுங்கள்.

நீண்ட எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்று, படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்க மெனுவில் ஒன்று இருக்கும். 15 விநாடிப் படத்துக்குப் பின்னால் இன்னொரு 15 விநாடி கேமரா சும்மா யோசித்துக்கொண்டிருக்கும், அதற்குள் அடுத்த பச்சை போய்விடும். சிக்னலுக்குக் காத்திருந்து எடுக்கும்போது அதை அணைத்து வையுங்கள்.

போலீஸ், செக்யூரிட்டி

டிரைபாட் விரித்த பத்தாவது நிமிஷம் யாராவது வருவார்கள். 2008 நவம்பர் 26 பயங்கரவாதத் தாக்குதலுக்கு அப்புறம் தெற்கு மும்பையில் இது இயல்பு, அதில் கோபப்பட ஒன்றுமில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன் நாம் நமஸ்காரம் வைத்துவிட வேண்டும். "சாஹேப், ஹௌஸ் ஆஹே, தந்தா நாஹீ" — பொழுதுபோக்குதான், தொழில் இல்லை — என்று மராத்தியில் ஒரு வரி சொன்னால் பாதிக் கேள்வி அப்போதே விழுந்துவிடும். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்திலேயே போட்டிருங்கள். எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள். ஒரு தடவை ஒரு ஹவல்தார் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பம் நடுவில் வருதே, அங்கே தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன், படம் நன்றாக இருந்தது. எடுக்காதே என்றால் மடக்கிவிட்டு நகருங்கள், சட்டம் பேசி ஜெயித்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அந்தி அதற்குள் போய்விடும்.

கொலாபா பக்கம் கடற்படை வளாகங்கள், கப்பல் தளம், பல்லார்ட் எஸ்டேட்டுக்குப் பின்னால் துறைமுகம்: இவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம். ரயில்வே பிளாட்பாரத்தில் டிரைபாட் விரித்தால் ரயில்வே பாதுகாப்புப் படை (ஆர்.பி.எஃப்.) வந்து நிற்கும். பாந்த்ரா-வொர்லி கடல் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, நடந்து போகவும் பைக்கில் போகவும் அனுமதி கிடையாது. அதை எடுக்க பாந்த்ரா ரெக்லமேஷன் நடைபாதை இருக்கிறது, தாதர் சைத்யபூமி பக்கம் இருக்கிறது. டிரோன் ஆசை இருந்தால் இந்த ஊரில் அடக்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் தனியாக வரலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மரைன் டிரைவ், சி.எஸ்.எம்.டி. என்றால் பதினொன்று வரை நான் தனியாகவே நின்றிருக்கிறேன். ஞாயிறு ராத்திரி பல்லார்ட் எஸ்டேட், ஹார்னிமன் சர்க்கிள் உள் தெருக்கள் படத்துக்கு அருமை, ஒரு காக்கை குருவி இருக்காது. அதனாலேயே அங்கே துணைக்கு ஆள் இல்லாமல் நான் போவதில்லை. காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பையின் வாரை டிரைபாட் காலுக்குள் நுழைத்து வையுங்கள். கடைசி லோக்கலுக்குக் காத்திருக்காமல் அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். லேடீஸ் பெட்டியில் ராத்திரி காவலர் ஒருவர் ஏறுவார், அந்தப் பெட்டியே நல்லது. அவசரத்துக்கு 112.

மரைன் டிரைவ்

நாரிமன் பாயின்ட் முனையில் நின்று வடக்கே பார்த்தால் வளைவு முழுதும் விழும். சௌபாத்தி முனையிலிருந்து தெற்கே பார்த்தால் உயரக் கட்டடங்கள். நாரிமன் பாயின்ட்டிலிருந்து டிசம்பரில் சூரியன் திறந்த கடலில் இறங்கும், ஜூனை நெருங்க நெருங்க எதிர்க்கரை மலபார் ஹில் முனைப் பக்கமாக நகர்ந்துவிடும். 2015-இல் இங்கே இருந்த மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. போட்டார்கள். ராணியின் கழுத்தணி (வளைவில் வரிசையாக எரியும் விளக்குகளுக்கு அப்படிப் பெயர்) போய் டியூப் லைட் ஆகிவிட்டது என்று ஊரே சண்டை போட்டு, அப்புறம் மஞ்சள் சாயலுக்கு மாற்றினார்கள். படம் எடுக்கிறவர்கள் அன்றைக்குப் பட்ட வயிற்றெரிச்சலை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

விளக்கிலிருந்து நட்சத்திரம் மாதிரிக் கதிர் வர எஃப் 16 வரை மூடுங்கள், ஃபில்டர் எதுவும் தேவையில்லை. லென்ஸுக்குள் துவாரத்தை மூடித் திறக்கும் இதழ்கள் ஒற்றைப்படை எண்ணிக்கை என்றால் கதிர் அதைப்போல இரண்டு மடங்கு, இரட்டைப்படை என்றால் அதே எண்ணிக்கை. என்னுடைய 35 மி.மீ. லென்ஸில் ஏழு இதழ், ஒவ்வொரு விளக்குக்கும் 14 கதிர் வரும். எஃப் 11-இல் 30 விநாடி விட்டால் அலை எல்லாம் கரைந்து கடல் பால் போல ஆகும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு அரை விநாடியில் அலையின் நுனி கொஞ்சம் இழுபட்டுத் தெரிவதுதான் பிடிக்கும், அப்போதுதான் அது கடலாக இருக்கிறது.

மழைக்காலத்தில் பெரிய ஓதம் வரும் நாட்களை மாநகராட்சி முன்கூட்டியே சொல்லும். நாலரை மீட்டரைத் தாண்டும் நாளில் சுவர் பக்கம் போகாமல் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் டெட்ராபாட் கற்கள் மேல் எந்த மாதத்திலும் இறங்க வேண்டாம், பாசி வழுக்கும். கடற்காற்றில் ஒரு மணி நேரம் நின்றால் லென்ஸில் உப்புப் படலம் விழும், விளக்கைச் சுற்றி மங்கல் வட்டம் தெரிந்தால் அதுதான். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறும். துணியின் ஓரத்தை லேசாக நனைத்து ஒற்றி எடுத்துவிட்டு, அப்புறம் துடைக்க வேண்டும்.

ஆட்களை எடுக்க

கட்டடம் போரடித்தால் விடிகாலை நாலு மணிக்கு தாதர் மேற்கு, ஸ்டேஷன் பக்கத்துப் பாலத்துக்குக் கீழே பூ மார்க்கெட். செவந்தி மூட்டை அவிழும், டெம்போ வரும், தலைச்சுமைக்காரர்கள் இடித்துக்கொண்டு போவார்கள். இங்கே டிரைபாட்டுக்கு இடமில்லை. 35 மி.மீ., எஃப் 2, ஐ.எஸ்.ஓ. 3200. ஷட்டரை 1/100 விநாடியில் வையுங்கள், காரணம் இருக்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை மினுங்கும். 1/250, 1/500 என்று வேகம் கூட்டினால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50 என்றால் விழாது. கேமராவில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் இங்கே அதைப் போடாதீர்கள், பட்டை இன்னும் மோசமாக வரும்.

முதலில் பூ வாங்குங்கள், அப்புறம் கேமராவை எடுங்கள். எங்கள் மாட்டுங்கா பூக்கடைத் தெருவில் கனகாம்பரம் கட்டுகிற அம்மாவிடம் தமிழில் "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் "முதல்ல பூவை வாங்கும்மா" என்பார், தாதரிலும் விதி அதேதான், மொழிதான் வேறு. கட்டின பூவின் மேல் தலைக்கு மேலிருக்கும் பல்பின் வெளிச்சம் விழுகிற இடத்தில் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தால் கை தானாக அந்த வெளிச்சத்துக்கு வரும்.

வால்கேஷ்வரில் பாண்கங்கா குளம் கார்த்திகப் பௌர்ணமியன்று படி முழுக்க அகல் விளக்காக இருக்கும். சில வருஷம் நம் கார்த்திகை தீபமும் அன்றே வரும், 2023-இல் அப்படித்தான். சில வருஷம் ஒரு மாதம் தள்ளிப் போய்விடும், பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அகல் வெளிச்சத்தில் முகம் எடுக்க எஃப் 2, 1/60, ஐ.எஸ்.ஓ. 1600-இல் தொடங்கலாம். ஃபிளாஷ் அடிக்கிறவர்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

நிலா ஆசை எல்லோருக்கும் உண்டு. கேட்வே கிழக்குக் கரையில் இருப்பதால் அங்கேதான் நிலா எழும். மரைன் டிரைவில் நின்று தேடாதீர்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள், அன்று வானம் நீலமாக இருக்கும்போதே நிலா மேலே வந்திருக்கும், கட்டடமும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். மேலே ஏறின நிலாவுக்கு எஃப் 8, 1/200, ஐ.எஸ்.ஓ. 100, கீழே சிவப்பாக இருக்கும்போது அதைவிட நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும்.

போன் மட்டும் இருக்கிறவர்களும் வரலாம். நைட் மோடில் போன் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது, அதனால் அசையாமல் இருப்பதுதான் வேலையே. கையில் பிடிக்காமல் சுவரில், கம்பத்தில் சாய்த்துவிட்டு 3 விநாடி டைமர் போடுங்கள். லென்ஸைச் சட்டையில் ஒரு தடவை துடையுங்கள். பாதிப் பேரின் இரவுப் படம் மங்கலாக இருப்பதற்கு எண்ணெய் விரல்தான் காரணம்.

ஏ.சி. அறையில் இருந்த கேமராவை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுபோனதும் உடனே எடுக்க வேண்டாம், பைக்குள்ளேயே இருபது நிமிஷம் கிடக்கட்டும். ஏ.சி. காரிலிருந்து புழுக்கத்தில் இறங்கும்போதும் அப்படியே. இல்லாவிட்டால் கண்ணாடி வியர்த்து அந்தி முழுதும் துடைத்துக்கொண்டே நிற்பீர்கள். வீட்டுக்கு வந்ததும் டிரைபாட்டின் கால்களை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, விரித்த நிலையிலேயே காய வையுங்கள். உப்பு ஏறினால் பூட்டு இறுகிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இந்த ஊரில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடிப்பது நிச்சயம். காற்றுப் புகாத சமையலறை டப்பா, உள்ளே சிலிகா ஜெல், கடையில் கிடைக்கும் சின்ன ஈரப்பத மீட்டர். அது 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் சரி. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்துப் பழைய நிறத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் தாளிக்கிற வாணலி வேண்டாம், இதற்கென்று ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.